மூலமொழி தெரியாத நடுவர்கள் மொழிபெயர்ப்புக்குப் பரிசு தரலாமா?

ஜெர்மனியின் லைப்சிக் புத்தகச் சந்தைப் பரிசின் மொழிபெயர்ப்புப் பிரிவில் 2024இல் கொரிய மொழி நூலும் 2025இல் பெலாருஸ் மொழி நூலும் வென்றதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: நடுவர்கள் ஏழு பேருக்கும் இந்த மொழிகள் தெரியுமா, தெரியாதென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், இந்தப் பரிசை நம்பி ஒரு புத்தகத்தை வாங்கலாமா? மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். மூலத்தைப் படிக்க முடியாத ஒருவர் ‘மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் செய்த மொழிபெயர்ப்புகளைப் படித்துத் திருத்துவதும் பல ஆண்டுகளாக என் வேலை. எனக்கு ஜெர்மனும் ஆங்கிலமும் தெரியும். கொரியமோ பெலாருஸோ தெரியாது. இந்த இரண்டு நூல்களைப் பொறுத்தவரை நானும் ஜெர்மன் வடிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவன்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பரிசைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை. இது 2005 முதல் ஆண்டுதோறும் தரப்படுகிறது. புனைவு, புனைவல்லாத நூல் மற்றும் கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து நூல்கள் இறுதிப் பட்டியலுக்கு வரும். மொத்தத் தொகை 60,000 யூரோ. வெல்லும் மூவருக்கும் தலா 15,000, பட்டியலில் இடம்பெறும் பதினைந்து பேருக்கும் தலா 1,000. பெரும்பாலும் விமர்சகர்களும் பண்பாட்டு இதழாளர்களும் இருக்கும் ஏழு பேர் குழு ஒன்றே மூன்று பிரிவுகளையும் பார்க்கிறது. பதிப்பகங்கள் அனுப்பும் புதிய நூல்கள் சமீப ஆண்டுகளில் நானூறைத் தாண்டிவிட்டன. சந்தையின் முதல் நாள், கண்காட்சி வளாகத்தின் கண்ணாடி மண்டபத்தில் முடிவை அறிவிப்பார்கள்.

இதே பெயர்ச் சாயலில் இன்னும் இரண்டு பரிசுகள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். இலையுதிர் காலத்தில் பிராங்க்ஃபர்ட் சந்தையை ஒட்டித் தரப்படும் ஜெர்மன் புத்தகப் பரிசு வேறு. அதுவும் 2005இல்தான் தொடங்கியது, ஆனால் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நாவலுக்கு மட்டும். லைப்சிக்கிலேயே 1994 முதல் தரப்படும் ஐரோப்பியப் புரிதலுக்கான பரிசு இன்னொன்று. பத்திரிகைச் செய்திகளே சில நேரம் இவற்றைக் கலந்துவிடுகின்றன.

சரி, மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு வருவோம். இந்தப் பிரிவின் பணமும் மேடையும் முழுக்க மொழிபெயர்ப்பாளருக்கே. மூல ஆசிரியருக்கு இதில் பங்கில்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ ஆங்கிலத்தில் 2023இல் நெடும்பட்டியலுக்குப் போனதால் நம்மில் பலர் அறிந்த சர்வதேச புக்கர் பரிசில் 50,000 பவுண்டை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அங்கே பரிசுக்கு உரியது அந்தப் படைப்பு, ஆங்கிலத்தில் வந்து சேர்ந்திருக்கும் வடிவத்தில். லைப்சிக்கில் பரிசுக்கு உரியது ஜெர்மனில் எழுதப்பட்ட அந்தப் பிரதி மட்டும். மூல ஆசிரியர் 15ஆம் நூற்றாண்டு வலென்சியாக்காரராக இருக்கலாம், தோல்ஸ்தோயாக இருக்கலாம், யாரென்றே உறுதியாகத் தெரியாத சீனப் பழங்கதைக்காரராகவும் இருக்கலாம். இந்த மூன்றுமே நடந்திருக்கின்றன. ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டமும் மொழிபெயர்ப்பைத் தனிப் படைப்புக்கு நிகராகவே காக்கிறது. ஆக நடுவர்கள் முன்னால் இருக்கும் கேள்வி, ‘இது கொரிய மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம்?’ என்பதல்ல. ‘இந்த ஜெர்மன் எழுத்தை இந்த மனிதர் எப்படி உருவாக்கியிருக்கிறார், இதனால் ஜெர்மனுக்கு என்ன கிடைத்திருக்கிறது?’ என்பது. அதைச் சொல்ல ஏழு நல்ல ஜெர்மன் வாசகர்களுக்குத் தகுதி உண்டு என்பதே என் கருத்து.

நடுவர்களுக்கு மொழி தெரியுமா என்பதற்கு வென்ற நூல்களின் பட்டியலே ஒரு பதில். 2005 முதல் 2025 வரை 21 நூல்கள். ஆங்கிலத்திலிருந்து ஆறு, ரஷ்யத்திலிருந்து இரண்டு, ஹங்கேரியத்திலிருந்து இரண்டு. மீதிப் பதினொன்றும் ஒவ்வொரு மொழியிலிருந்து ஒன்று: இத்தாலியம், கத்தலான், ஹீப்ரு, செர்பியம், சீனம், உக்ரைனியம், ருமேனியம், பிரெஞ்சு, ஸ்பானியம், கொரியம், பெலாருஸ். பதினான்கு மொழிகள்! எந்த ஏழு பேரைச் சேர்த்து உட்கார வைத்தாலும் இத்தனை மொழிகளை நடுவராகும் அளவுக்கு அறிந்த குழு அமைவது அபூர்வம். ஜெர்மனியில் மொழிபெயர்க்கப்படும் நூல்களில் பாதிக்கும் மேல் ஆங்கிலத்திலிருந்து வருபவை. ஆங்கிலம் நடுவர் எல்லோருக்குமே தெரிந்த மொழியாகவும் இருக்கும். தெரிந்த மொழியிலேயே நிற்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் 2015 முதல் வென்ற பதினொரு நூல்களில் ஆங்கில மூலம் கொண்டது ஒன்றே ஒன்று, 2020இல் பீக்கெ பீர்மான் மொழிபெயர்த்த ஃப்ரான் ராஸின் ‘ஓரியோ’. தங்களால் சரிபார்க்க முடியாத இடங்களுக்கு இந்தக் குழுக்கள் தெரிந்தே போயிருக்கின்றன. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை.

கிழக்கு ஐரோப்பிய மொழிகள் இவ்வளவு வருவதற்கு ஊரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஜெர்மன் பதிப்புத் தொழிலின் பழைய தலைநகரம் லைப்சிக். புத்தக வணிகர் சங்கம் 1825இல் தொடங்கப்பட்டது அங்கேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு பிரிந்தபோது பல பதிப்பகங்கள் மேற்கே போயின, பிராங்க்ஃபர்ட்டில் புதிய சந்தை எழுந்தது. லைப்சிக் கிழக்கு ஜெர்மனியில் தங்கியது. மேற்கத்தியப் பதிப்பகங்கள் அங்கே கடை போடும்போது, வாங்க வழியில்லாத வாசகர்கள் நின்றபடியே படித்தார்கள், கையால் நகலெடுத்தார்கள், சட்டைக்குள் மறைத்தும் கொண்டுபோனார்கள். இன்றும் பிராங்க்ஃபர்ட் உரிமை வாங்கி விற்கும் சந்தை, லைப்சிக் வாசகர்களின் சந்தை. போலந்து, செக், உக்ரைன், பால்கன் பக்கம் திறந்திருக்கும் கதவாகவே அந்த ஊர் தன்னைப் பார்க்கிறது.

அப்புறம், மூலம் இல்லாமல் எதைப் பார்க்க முடியும்? வெளியாட்கள் நினைப்பதைவிட அதிகம் பார்க்க முடியும். நான் ஒரு மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தால் முதலில் போவது உரையாடலுக்கு. பாட்டியும் பேரனும் காவல் அதிகாரியும் ஒரே குரலில் பேசினால் சந்தேகம் வந்துவிடும். எந்த ஆசிரியரும் முந்நூறு பக்கத்துக்கு அப்படி எழுதுவது அரிது. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே ஒரு குரல்தான் கைவந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு வாக்கியங்களின் நீளத்தைப் பார்ப்பேன். கோபம், துக்கம், வர்ணனை, எல்லாம் ஒரே நீளத்தில் நடந்தால் யாரோ ஒருவர் மேடுபள்ளத்தைச் சமப்படுத்தியிருக்கிறார். ஒரு பொருளுக்கு நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெயர், நூறாம் பக்கத்தில் வேறு பெயர் இருந்தால் கவனம் தளர்ந்திருக்கிறது. ஒரு பாத்திரம் காரணமில்லாமல் சிரித்தால் அங்கே ஒரு நகைச்சுவை செத்துப்போயிருக்கிறது. இதையெல்லாம் கண்டுபிடிக்க மூலமொழி வேண்டாம். படித்துப் பழகிய காது போதும்.

2023இல் வென்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டீன எழுத்தாளர் அவுரோரா வெந்தூரினியின் ‘உறவுப் பெண்கள்’ நாவலை யொஹானா ஷ்வேரிங் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். கதையைச் சொல்லும் யூனா என்ற பெண்ணுக்கு மொழி எளிதில் வசப்படாது. நிறுத்தற்குறி போட்டால் களைத்துப்போவாள், அகராதியிலிருந்து பெரிய சொற்களை எடுத்துவந்து வைப்பாள். இதை ஜெர்மனில் எழுதும்போது வாக்கியம் உடைய வேண்டும். ஆனால் உடைத்தது யூனா என்று வாசகருக்கு ஒவ்வொரு வரியிலும் நிச்சயமாகத் தெரிய வேண்டும். ஒரே ஒரு இடத்தில் அது மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம் போலத் தோன்றினாலும் புத்தகம் சரிந்துவிடும். ஷ்வேரிங்கின் பிரதி கடைசிப் பக்கம் வரை நிற்கிறது. எனக்கு ஸ்பானியம் தெரியாது, ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

2025இல் தோமாஸ் வைலருக்குப் பரிசு வாங்கித் தந்த ‘தீக் கிராமங்கள்’ இன்னும் கடினமான வழக்கு. அலேஸ் அதமோவிச், யான்கா பிரில், உலாட்ஸிமிர் காலெஸ்னிக் என்ற மூன்று பெலாருஸ் எழுத்தாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போய், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் மக்களோடு சேர்த்து எரித்த கிராமங்களில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தார்கள். மூலம் வந்தது 1975இல். நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தன் எழுத்து முறைக்கு வழிகாட்டியாகச் சொல்வது அதமோவிச்சைத்தான். அந்த நூல் எந்த நாட்டின் குற்றத்தைப் பேசுகிறதோ அந்த நாட்டின் மொழிக்கு வந்து சேர ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே உள்ள சிக்கலைப் பாருங்கள். பேசுகிறவர்கள் கிராமத்துக் கிழவிகள், கிழவர்கள். அவர்களை ஜெர்மனியின் ஏதோ ஒரு வட்டார வழக்கில் பேசவிட்டால் அந்த ஊர்க்காரர்களாகவே மாறிவிடுவார்கள். பள்ளிக்கூட ஜெர்மனில் பேசவிட்டால் நீதிமன்ற ஆவணமாகிவிடும். அதே ஆண்டு லைப்சிக்கில் ஐரோப்பியப் புரிதலுக்கான பரிசைப் பெற்ற அல்கெர்ட் பகரேவிச்சின் ‘ஐரோப்பாவின் நாய்கள்’ நாவலை ஜெர்மனாக்கியவரும் வைலர்தான். பெலாருஸ் இலக்கியத்தை ஜெர்மன் வாசகர்களிடம் கொண்டுசேர்ப்பதில் அவர் உழைப்பு அவ்வளவு பெரியது.

இனி, இந்த முறையில் தெரியாமல் போகக்கூடியவை. மொழிபெயர்ப்பாளர் ஒரு பத்தியையே விட்டுவிட்டால் நடுவருக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு அழகாக எழுதியிருந்தால் தெரியாது. மூலத்தில் வறண்டு, முரட்டுத்தனமாக இருந்த நடையை மொழிபெயர்ப்பாளர் மெருகேற்றிவிட்டால் தெரியாதது மட்டுமில்லை, அந்த மெருகுக்கே பாராட்டும் கிடைக்கலாம். இது கற்பனை பயம் இல்லை. ஹான் காங்கின் ‘தாவர உணவுக்காரி’ ஆங்கில வடிவம் 2016இல் சர்வதேச புக்கரை வென்ற பிறகு, கொரியம் அறிந்தவர்கள் மூலத்தோடு வைத்துப் பார்த்து நிறையப் பிழைகளைச் சுட்டினார்கள். மூலத்தைவிட நடை அலங்காரமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். ஆங்கில உரைநடையாக அதன் வலிமையை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. நடுவர்கள் சொன்ன தீர்ப்பும், பின்னால் வந்த விமர்சனமும் வேறு வேறு விஷயங்களைப் பற்றியவை. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க முடியும்.

சில நூல்களில் இந்த ஆபத்து குறைவு. ஸ்வெத்லானா கையர் 2007இல் வென்றது தஸ்தயேவ்ஸ்கியின் நாவலுக்கு, பார்பரா கொன்ராட் 2011இல் வென்றது ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு. இரண்டுக்கும் பழைய ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் இருந்தன; ரஷ்யம் தெரியாதவரும் புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து எது எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கலாம். வேறுமொழி வடிவம் இருந்தால் அதுவும் ஒரு துணை. 2024இல் கி-ஹ்யாங் லீ மொழிபெயர்த்த போரா சுங்கின் ‘முயலின் சாபம்’ கதைகள் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் வந்து 2022இல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இருந்தவை. நடுவர்கள் இப்படி ஒப்பிட்டார்களா என்பது வெளியே வராது. அவர்கள் வெளியிடுவது சுருக்கமான காரண உரை மட்டும். ஒப்பிட வழி இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சியோலில் பிறந்த லீ, முன்பு பார்த்த ஹான் காங் நாவலைக் கொரியத்திலிருந்து நேரடியாக ஜெர்மனாக்கியவரும்கூட.

நடுவர்களுக்கு முன்பே சில வடிகட்டிகள் இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997இல் தொடங்கிய ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் நிதியம் உதவித்தொகை தரும்போது மாதிரிப் பக்கங்களை மூலத்தோடு கேட்கிறது. டச்சு எல்லைக்கு அருகே ஷ்ட்ராலன் என்ற சிற்றூரில் 1978 முதல் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கி வேலை செய்ய ஓர் இல்லமே இருக்கிறது. நல்ல பதிப்பகத்தில் ஆசிரியர் ஒருவர் வரி வரியாக உட்கார்ந்து கேள்வி கேட்பார். கடைசிப் பதினைந்து நூல்களில் ஒன்றாக வரும் மொழிபெயர்ப்பு பல கைகளைக் கடந்தே வருகிறது. மூலத்துக்கு விசுவாசமா என்ற கேள்வி பெரும்பாலும் அந்தக் கைகளில் கேட்கப்பட்டுவிடுகிறது. முழுக்க இல்லைதான். சின்ன மொழிகளில், பதிப்பக ஆசிரியருக்கும் மூலமொழி தெரியாதபோது, எல்லாச் சுமையும் மொழிபெயர்ப்பாளரின் நேர்மையில் வந்து நிற்கிறது.

இந்தப் பரிசில் எனக்கு உள்ள குறை வேறு. முதல் பத்தாண்டில் இது உழைப்பின் அளவைப் பார்த்து மயங்கியது என்று நினைக்கிறேன். உல்ரிஹ் புளூமன்பாக் ஆறு ஆண்டுகள் செலவிட்டு ஜெர்மனாக்கிய டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் பெருநாவல், கிறிஸ்டினா விராக்கின் கையால் வந்த பேதர் நாதாஷின் சுமார் 1,700 பக்க நாவல், எஸ்ரா பவுண்டின் நீண்ட கவிதை முழுவதும், அதற்கும் முன்னால் கத்தலான் வீரசாகச நாவல். பத்தாண்டு முடிந்த பிறகும், 2017இல் ஏஃபா லூடி கோங் மொழிபெயர்த்த சீனப் பழங்கதை ‘மேற்கு நோக்கிய பயணம்’, நூறு அத்தியாயங்கள், பதினேழு ஆண்டு வேலை, ஜெர்மனில் முதல் முழு மொழிபெயர்ப்பு. இவை எதுவும் தகுதியில்லாதவை அல்ல. கோங்கின் நூலில் உரைநடைக்கு நடுவே வரும் பாடல்களுக்கு மட்டுமே ஒரு பரிசு தரலாம். ஆனால் தடித்த புத்தகத்தில் உழைப்பு வெளியே தெரிகிறது. இருநூறு பக்கத்தில் எளிய வாக்கியங்களை எளிமையாகவே வைத்திருப்பதன் கஷ்டம் தெரிவதில்லை. வெந்தூரினியும் போரா சுங்கும் பட்டியலின் உச்சிக்கு வந்த ஆண்டுகளில் அது மாறியிருக்கிறது. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

பரிசுப் பணத்தைப் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி பக்கக் கணக்கு: முப்பது வரி, வரிக்கு அறுபது எழுத்து, அதுதான் ஒரு பக்கம். விற்பனையில் பங்கு என்பதே நீதிமன்றம் போய் வாங்கியது. 2009இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, 5,000 பிரதிகளுக்கு மேல் விற்றால் கெட்டி அட்டைப் பதிப்பில் 0.8 சதவீதம், மெல்லட்டையில் அதில் பாதி. பல ஆண்டுகள் ஒரே நூலோடு இருந்தவருக்கு 15,000 யூரோ என்பது தாமதமாக வந்த சம்பளத்தின் ஒரு பகுதி.

புனைவுப் பிரிவிலும் இந்த மொழிபெயர்ப்பு உணர்வு ஊறியிருக்கிறது. 2005இல் முதல் பரிசு பெற்ற தெரேசியா மோராவே ஹங்கேரியத்திலிருந்து மொழிபெயர்ப்பவர். 2022இல் வென்ற தோமர் கார்டியின் நாவல் இன்னும் வியப்பானது. முதல் பாதியை இலக்கணம் மீறிய தன் சொந்த ஜெர்மனில் அவரே எழுதினார். இரண்டாம் பாதியை ஹீப்ருவில் எழுத, ஆனெ பிர்கன்ஹவர் அதைத் திருத்தமான ஜெர்மனாக்கினார். பாதி மொழிபெயர்ப்பான ஒரு நூலுக்கு ஜெர்மன் புனைவுக்கான பரிசு! அதே ஆண்டு மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற ஆனெ வேபர், 2020இல் ஜெர்மன் புத்தகப் பரிசை வென்ற எழுத்தாளர். அவர் மொழிபெயர்த்த செசில் வாஜ்ஸ்ப்ரோவின் நாவலும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதுதான்.

இந்திய மொழி எதிலிருந்தும் வந்த நூல் 2025 வரை இந்தப் பிரிவில் வென்றதில்லை. நடுவர்களை இதற்குக் குறைசொல்ல முடியாது. பெரிய ஜெர்மன் பதிப்பகங்கள் இந்தியாவிலிருந்து எடுப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இந்திய மொழிகளிலிருந்து நேரடியாகக் கொண்டுவருவது ஹைடல்பெர்க்கின் திரௌபதி பதிப்பகம் போன்ற சிறு நிறுவனங்கள்தான்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். நல்ல ஜெர்மன் உரைநடைக்கான சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டால் தாராளமாக நம்பி வாங்கலாம். மூலத்தின் துல்லியமான நகல் என்பதற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு வாக்குறுதியை இந்தப் பரிசு தரவும் இல்லை. உங்கள் ஜெர்மன் இடைநிலையில் இருந்தால் ‘முயலின் சாபம்’ கதைகளில் தொடங்குங்கள். ஆங்கில வடிவமும் கிடைக்கிறது, ஒரு கதையை இரண்டிலும் அடுத்தடுத்துப் படித்தால் இரு மொழிபெயர்ப்பாளர்களும் எங்கே பிரிகிறார்கள் என்று தெரியும். அந்த இடங்களைக் கொரியம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். வெந்தூரினியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். யூனாவின் உடைந்த வாக்கியங்களை ரசிக்க, உடையாத ஜெர்மன் வாக்கியம் உங்களுக்குக் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.